கிரேசி டாக்ஸியில் இருந்த பீட்சா ஹட் எங்கே போயிற்று?

2025 ஜனவரி 4, காலை 10.20 (கேள்வி)

கணினிக்கான கிரேசி டாக்ஸி ஆட்டத்தை இணையக் கடையில் வாங்கினேன். பழைய காணொளிகளில் பயணிகள் பீட்சா ஹட்டுக்கும் கேஎஃப்சிக்கும் போகச் சொல்கிறார்கள். என்னிடம் உள்ளதில் அந்தக் கடைகள் இல்லை. அதே இடங்களில் கேள்விப்படாத பெயர்கள் நிற்கின்றன. எது அசல்? என்னைக் கேட்டால் எடுத்ததே நல்லது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் விளம்பரம் எதற்கு?

2025 ஜனவரி 4, இரவு 9.45

காணொளியில் பார்த்ததுதான் அசல். சேகா நிறுவனம் 1999-இல் ஆர்கேட் இயந்திரத்திலும் 2000-இல் டிரீம்காஸ்ட் என்ற தன் வீட்டு விளையாட்டுக் கருவியிலும் வெளியிட்ட கிரேசி டாக்ஸியில் பீட்சா ஹட், கேஎஃப்சி, டவர் ரெக்கார்ட்ஸ் இசைக்கடை, ஃபிலா, லீவைஸ் ஆடைக்கடைகள் ஆகிய ஐந்தும் நிஜப் பெயர்களோடு நின்றன. 2010 முதல் இணையக் கடைகளில் மறுவெளியீடு வந்தபோது அவற்றுக்கான உரிமம் காலாவதியாகியிருந்தது. ஆகவே கட்டடங்களை அப்படியே வைத்துவிட்டுப் பெயர்களை மட்டும் மாற்றினார்கள்.

எடுத்தது நல்லது என்ற உங்கள் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 2005 வாக்கில் கோவில்பட்டியில் மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 விளையாடவிடும் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் நானும் சித்தப்பா மகனும் அங்கே இதைத்தான் ஆடுவோம். சாலையோரம் வட்டத்துக்குள் நிற்கும் பயணியின் அருகே வண்டியை நிறுத்த வேண்டும். வட்டம் சிவப்பென்றால் பக்கத்தில் இறங்குவார், பச்சையென்றால் தொலைதூரப் பயணம். ஏறியதும் போக வேண்டிய இடத்தைக் கத்திச் சொல்வார். திரையின் உச்சியில் பெரிய பச்சை அம்புக்குறி திரும்பித் திரும்பி வழி காட்டும். அம்புக்குறியை நம்பினால் சில இடங்களில் சுவரில்தான் போய் முட்டுவோம். ஒரு மாதத்தில் நாங்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். பயணி "பீட்சா ஹட்" என்றவுடன் எந்தச் சரிவில் இறங்கி எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

அந்த வயதில் நான் பீட்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அது உணவுக்கடையின் பெயர் என்பது தெரியும், ஆனால் எனக்கு அது முதலில் ஒரு முகவரி. பல ஆண்டுகளுக்குப் பிறகு வேலைக்காகச் சென்னைக்கு வந்து அந்தச் சிவப்புக் கூரைச் சின்னத்தை முதன்முறை பார்த்தபோது, தின்ன வேண்டும் என்று தோன்றவில்லை, வந்து சேர்ந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

2025 ஜனவரி 5, காலை 7.10

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால், விளம்பரத்துக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பெயரை ஆட்டத்தின் நிலப்பரப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டு, பத்தாண்டு கழித்து ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அதைப் பிடுங்குவது, ஆடியவர்களின் நினைவுக்குள் புகுந்து பெயர்ப்பலகையை மாற்றுவதற்குச் சமம். விளம்பரத்தைத் திரையில் பார்ப்பதால் வரும் நட்டத்தைவிட, விளம்பர ஒப்பந்தத்தின் கெடு ஆட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதால் வரும் நட்டம் பெரிது என்பதுதான் என் கட்சி.

கிரேசி டாக்ஸி மட்டும் இப்படி ஆகவில்லை. 2010-இல் வந்த ஆலன் வேக் ஆட்டத்தில் இருள் பற்றிக்கொண்ட மனிதர்களைக் கைவிளக்கின் ஒளியால்தான் வலுவிழக்கச் செய்ய முடியும். அந்த விளக்குக்குப் போடும் பேட்டரி எனர்ஜைசர், கதாநாயகனின் கைபேசி வெரைசன். 2021-இல் புதுப்பித்து வெளியிட்டபோது இரண்டு பெயர்களும் போய்விட்டன. 2019-இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்கில் நாயகன் தன் அறை மேசையிலிருந்து எடுத்துக் குடிப்பது மான்ஸ்டர் எனர்ஜி. 2021-இல் வந்த இயக்குநர் பதிப்பில் அது கதைக்குள் உள்ள நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பானமாகிவிட்டது.

எனக்கு அதிகம் வலித்தது பிக்மின் 2. நின்டென்டோ 2004-இல் வெளியிட்டது. விரல் உயரமே உள்ள விண்வெளி மாலுமி, தன் கம்பெனியின் கடனை அடைப்பதற்காக அறியாத கிரகத்தில் புதையல் தேடுகிறான். அவன் புதையல் என்று தூக்கி வருபவை எல்லாம் நம் வீட்டுக் குப்பைகள்: பாட்டில் மூடிகள், டப்பாக்கள், ஒரு டியூராசெல் பேட்டரி. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய மூன்று பதிப்புகளிலும் அந்தந்த ஊர் வீடுகளில் கிடக்கும் பொருள்களாகப் பார்த்து வேறு வேறு பெயர்களை வைத்திருந்தார்கள். நமக்கு மிகப் பழகிய ஒன்று அவனுக்கு விளங்காத அதிசயமாக இருப்பதில்தான் அந்த ஆட்டத்தின் அழகே இருந்தது. 2023-இல் நின்டென்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த பதிப்பில் நிஜப் பெயர்களுக்குப் பதில் கற்பனைப் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. இப்போது அந்தப் பேட்டரி அவனுக்கும் புதிது, நமக்கும் புதிது.

2025 ஜனவரி 5, மாலை 6.30

ஒன்றை விட்டுவிட்டேன். பெயர்ப்பலகைக்கு மட்டுமல்ல, பாடல்களுக்கும் இதே கதி உண்டு. கிரேசி டாக்ஸியில் ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் ஆகிய இரு குழுக்களின் பாடல்கள் ஓடும். மறுவெளியீட்டில் அவையும் இல்லை. ஆலன் வேக்கின் பழைய பதிப்பு, பாடல் உரிமங்கள் முடிந்ததால் 2017 மே மாதம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டு, உரிமம் புதுப்பிக்கப்பட்ட பிறகு 2018 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. பேட்டரியும் பாட்டும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகை வாடகைச் சரக்கு.

2025 ஜனவரி 7, இரவு 10.05

"அந்தக் கம்பெனிகள் கொடுத்த காசு போதவில்லை என்று எடுத்திருப்பார்கள்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். காசு எப்போதும் கம்பெனியிடமிருந்து ஆட்டத்துக்குப் போவதில்லை. பந்தய ஆட்டங்களில் அது பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே கார் நிறுவனத்திடம் அனுமதி கேட்டு நிற்பது ஆட்டத்தைத் தயாரிப்பவர்தான்.

போர்ஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 வாக்கில் தொடங்கி 2016 முடியும் வரை அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஆட்டத் தயாரிப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது. சாலையில் ஓடும் எந்தக் காரையும் நுணுக்கமாக வடிப்பதில் பெயரெடுத்த கிரான் டூரிஸ்மோ வரிசையில் அத்தனை ஆண்டுகளும் போர்ஷே இல்லை. அதற்குப் பதிலாக, போர்ஷே வண்டிகளை அடிப்படையாகக் கொண்டு தன் பெயரில் கார் செய்யும் ஜெர்மானியத் தயாரிப்பாளரான ரூஃபின் வண்டிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கடைக்கு வரும் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்வார்கள். 2017-இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில்தான் போர்ஷே தன் பெயரோடு உள்ளே வந்தது.

கால்பந்திலும் இதே கதைதான். புரோ எவல்யூஷன் சாக்கரில், உரிமம் கிடைக்காத பதிப்புகளில், மான்செஸ்டர் யுனைடெட்டின் பெயர் "மேன் ரெட்", லிவர்பூலின் பெயர் "மெர்சிசைட் ரெட்". ஆட்டக்காரர்களின் ஓட்டமும் முகமும் பழகியவையாக இருக்க, சட்டைச் சின்னம் மட்டும் அன்னியமாக இருக்கும். உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவுடனான உடன்பாடு முடிந்ததும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸே ஃபிஃபா என்ற தன் ஆட்டத்தின் பெயரை 2023-இல் மாற்ற வேண்டியதாயிற்று.

கொடுக்கல் வாங்கல் தலைகீழாக நடந்ததும் உண்டு. நிசான் 2007-இல் வெளியிட்ட ஜிடி-ஆர் காரின் தகவல் திரையை வடிவமைத்தவர்கள் கிரான் டூரிஸ்மோவைச் செய்த பாலிஃபோனி டிஜிட்டல் குழுவினர். ஆட்டத்துக்குள் போன கார், ஆட்டத்திலிருந்து ஒரு பாகத்தை வாங்கிக்கொண்டு சாலைக்கு வந்தது. இந்த விஷயத்தில் எனக்கு முழு மகிழ்ச்சி தருவது இந்த ஒன்றுதான்.

2025 ஜனவரி 8, காலை 6.50

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்ற தொனியில் எழுதிவிட்டேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஹம்வீ இராணுவ வண்டியைத் தயாரிக்கும் ஏஎம் ஜெனரல் நிறுவனம், கால் ஆஃப் டியூட்டி என்ற போர் ஆட்டத்தில் அந்த வண்டி வருவதை எதிர்த்து 2017-இல் அதை வெளியிடும் ஆக்டிவிஷன் மீது வழக்குத் தொடுத்தது. 2020 மார்ச் 31 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஆக்டிவிஷனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நவீனப் போரைக் காட்டும் படைப்பில் அந்தப் போரில் ஓடும் வண்டி இடம்பெறுவது கலை சார்ந்த நோக்கத்துக்கு உட்பட்டது என்பதே அதன் சாரம். அதற்கு முன்பே, 2013-இல், துப்பாக்கித் தயாரிப்பாளர்களிடம் இனி உரிமம் வாங்கப்போவதில்லை, ஆயினும் நிஜத் துப்பாக்கிகள் ஆட்டத்தில் தொடரும் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்திருந்தது.

அப்படியிருக்கக் கார் ஆட்டங்கள் ஏன் இன்னும் உரிமம் வாங்குகின்றன? போர் ஆட்டத்தில் வண்டி பின்னணியில் ஓடுகிறது, கார் ஆட்டத்திலோ அதுதான் கதாநாயகன். வடிவம், உட்புறம், இயந்திரத்தின் ஒலி என்று நிறுவனத்தின் ஒத்துழைப்பு எல்லாவற்றுக்கும் தேவைப்படுகிறது. அந்த ஒத்துழைப்புக்கும் விலை உண்டு: தன் கார் நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்க எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. வண்டியை மோதிச் சிதறடிப்பதையே விருந்தாக்கிய பர்னவுட் வரிசையில் கார்கள் முழுக்கக் கற்பனைப் பெயர்களில் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

2025 ஜனவரி 9, இரவு 8.40

"உங்கள் நினைவுக்காக விளம்பரத்தைச் சகித்துக்கொள்ள வேண்டுமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல ஒரு பால் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட் 07 என்ற கணினி ஆட்டத்தை ஆடாத பையன் நம் ஊரில் குறைவு. எனக்குப் பிடித்த போட்டி அதிலிருந்த பியூரா கோப்பை. ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் நான்கு நாள் ஆட்டம் அது. பியூரா என்பவர் பிராட்மன் காலத்துப் பழைய வீரராக இருப்பார், அவர் நினைவாகக் கோப்பை வைத்திருக்கிறார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு தம்பி தங்கைகளுக்கும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும்போதுதான் பியூரா ஒரு பாக்கெட் பால் என்று தெரிந்தது. நூற்றாண்டு கடந்த ஷெஃபீல்டு ஷீல்டு என்ற போட்டியின் பெயரை 1999-இல் அந்தப் பால் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள், 2008-இல் பழைய பெயர் திரும்ப வந்தது. அதே ஆட்டத்தில் இருந்த ஒருநாள் போட்டியின் பெயர் ஃபோர்டு ரேஞ்சர் கோப்பை. அதுவும் அப்படி விற்ற பெயர்தான்.

இங்கே ஆட்டத்தைச் செய்தவர்கள் விளம்பரத்தைப் புகுத்தவில்லை. விளம்பரம் ஏற்கெனவே நிஜ உலகில் புகுந்திருந்தது, அதை உள்ளபடி காட்டினார்கள். அந்தப் பெயரை இன்று யாரேனும் அழித்தால், 2006-07-இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் எப்படி நடந்தது என்ற பதிவுதான் அழியும். ஆனால் விவரம் தெரியாத ஒரு பையனின் மனத்தில் ஒரு பால் கம்பெனி கிரிக்கெட் மேதையாக இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். என் கட்சிக்கு எதிரான சாட்சியும் நானே.

2025 ஜனவரி 11, மதியம் 3.15

விளம்பரம் எல்லாமே நிலப்பரப்பாகிவிடுகிறது என்று நான் எண்ணுவதாக யாரும் கொள்ள வேண்டாம். நிலத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டிருப்பவையும் உண்டு. 2016-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 15-இல் லெஸ்டாலம் என்ற ஊர்ச் சந்தைக்கு அருகே நிசின் கப் நூடுல் வண்டி ஒன்று நிற்கிறது. முதலில் பார்த்தபோது எனக்குத் தவறாகப் படவில்லை. சாலையோர வண்டியில் நூடுல்ஸ் விற்பது எந்த உலகத்திலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நாயகனின் தோழன் கிளாடியோலஸ் அந்த நூடுல்ஸின் பெருமையைப் பேசத் தொடங்குகிறான். பிறகு அதற்கு மிகச் சிறந்த சேர்மானத்தைத் தேடி ஒரு வேட்டைக்கே கூட்டிப் போகிறான். இறைச்சியா, முட்டையா, இறாலா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். தந்தையின் நாடு வீழ்ந்த துயரத்தைச் சுமந்து பயணம் போகிற நால்வரில் ஒருவன் அப்படிப் பேசும்போது, அவன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதாகவே எனக்குப் பட்டது. பழைய தோழன் ஒருவன் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடித்ததும் காப்பீட்டுப் பாலிசியின் தாளை எடுத்து நீட்டினால் மனம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கியது.

அதே ஆட்டத்தில் அவர்கள் இரவு தங்கும் கூடாரமும் நாற்காலிகளும் கோல்மேன் தயாரிப்புகள். அந்தப் பெயர் யார் பேச்சிலும் வருவதில்லை. நெருப்பைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்திருக்கும் காட்சிகளே எனக்கு அந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தவை. பெயர் பொருளின் மேல் இருக்கலாம், மனிதரின் வாய்க்குள் போகக்கூடாது. என் அளவுகோல் இதுதான்.

2025 ஜனவரி 11, இரவு 11.00

மதியம் சொன்ன அளவுகோலுக்கு நானே ஒரு விலக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். மெட்டல் கியர் சாலிட் 3-இன் கதை 1964-இல் சோவியத் காட்டுக்குள் நடக்கிறது. நாயகன் பாம்பையும் தவளையையும் பிடித்துத் தின்று உயிர் வாழ்கிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் மிகச் சுவையான, மிகத் தெம்பூட்டும் உணவுகளில் ஒன்று கேலரிமேட் என்ற ஜப்பானியச் சத்துக்கட்டி. ஒட்சுகா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1983-இல்தான். காலமும் பொருந்தவில்லை, இடமும் பொருந்தவில்லை, அவன் அதை வாய்விட்டுப் புகழவும் செய்கிறான். இருந்தும் எனக்கு உறுத்தவில்லை. அந்த ஆட்டம் தொடக்கம் முதலே ஆடுபவரிடம் நேராகப் பேசுகிற ஆட்டம், உணவின் ருசியைப் பற்றி வானொலியில் மணிக்கணக்கில் அரட்டை அடிக்க விடுகிற ஆட்டம். அந்த வீட்டுக்குள் இந்த விருந்தாளி அடங்கிவிடுகிறார். ஆகவே வாய்க்குள் போகலாமா என்பதை அந்தந்த ஆட்டத்தின் பேச்சு வழக்கை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று மாற்றிக்கொள்கிறேன்.

2025 ஜனவரி 12, காலை 9.30

எந்த விளக்கத்துக்கும் அடங்காத, நான் முழுக்க எதிர்க்கிற வகை ஒன்று உண்டு. ஆட்டத்துக்குள் இருக்கும் விளம்பரப் பலகையை இணையம் வழியாக அவ்வப்போது மாற்றுவது. 2006-இல் பேட்டில்ஃபீல்ட் 2142-ஐ வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்ததும், உங்கள் கணினியிலிருந்து சில தகவல்களைப் பெற்று அதற்கேற்ப விளம்பரம் காட்டப்படும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கண்டார்கள். 22-ஆம் நூற்றாண்டில் நடக்கும் போரில், வீரன் பதுங்கும் சுவரின் மேல் அந்த மாதம் கடைக்கு வந்த சரக்கின் படம் தொங்கியது. மைக்ரோசாஃப்ட் அதே 2006-இல் இந்தத் தொழிலைச் செய்துவந்த மாசிவ் என்ற நிறுவனத்தை வாங்கி, 2010-இல் மூடிவிட்டது.

2008 அக்டோபரில் பராக் ஒபாமாவின் தேர்தல் அணி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 18 ஆட்டங்களில் விளம்பரம் வாங்கியது. பர்னவுட் பாரடைஸில் சாலையோரப் பலகையில் அவர் படத்தோடு, முன்கூட்டியே வாக்களிக்கலாம் என்ற அறிவிப்பு இருந்தது. கடும் போட்டி நிலவிய 10 மாநிலங்களில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இணையத்தில் இணைத்து ஆடியவர்களுக்கு மட்டும் அது தெரிந்தது. அந்த மாதம் நானும் சித்தப்பா மகனும் அதே ஊரின் அதே தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பலகையில் அது இல்லை. வேட்பாளர் யார் என்பதில் எனக்குக் குறையில்லை. நீங்களும் நானும் ஒரே தெருவில் நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்க, உங்கள் சுவரில் ஒன்றும் என் சுவரில் இன்னொன்றும் எழுதப்பட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிரேசி டாக்ஸியின் பீட்சா ஹட் எல்லோருக்கும் ஒரே மூலையில் இருந்தது.

2025 ஜனவரி 12, காலை 9.55

முழு விலைக்கு விற்ற ஆட்டத்தில், விற்றுச் சில வாரம் கழித்து விளம்பரத்தை நுழைப்பது இதைவிட மோசம். 2020-இல் வந்த யுஎஃப்சி 4 என்ற சண்டை ஆட்டத்தில் சண்டைக் காட்சியைத் திரும்பக் காட்டும் இடைவெளியில் ஒரு தொடரின் விளம்பரம் முழுத் திரையில் வந்தது. ஆடுபவர்கள் கொதித்த பிறகு எடுத்தார்கள். உங்கள் முதல் கேள்வியின் கோபம் இந்த இடத்தில் முற்றிலும் சரி.

2025 ஜனவரி 13, இரவு 7.20

குழந்தைகளைப் பற்றி எதுவும் எழுதவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். என் காலத்துக் குழந்தைகளுக்கு விளம்பரம் வேடம் போடாமல் வந்தது. 1992-இல் வந்த சூல் ஆட்டத்தின் முதல் உலகமே மிட்டாயால் ஆனது, எங்கு திரும்பினாலும் சுப்பா சுப்ஸ் சின்னம். 1999-இல் ஜப்பானில் பெப்சிமேன் என்று பானத்தின் பெயரிலேயே ஆட்டம் வந்தது. 2006-இல் பர்கர் கிங், உணவு வாங்குவோருக்குத் தலா 3.99 டாலருக்கு மூன்று எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களை விற்றது. இவற்றில் எதையும் வேறொன்று என்று யாரும் நம்ப வாய்ப்பில்லை.

இப்போது அக்கா மகள் ரோப்லாக்ஸ் என்ற இணைய ஆட்டத் தளத்தில் ஆடுகிறாள், வயது ஒன்பது. 2021 மே மாதம் அங்கே கூச்சி (Gucci) என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் இரண்டு வாரம் ஒரு தோட்டம் அமைத்திருந்தது. அதில் விற்ற கைப்பை ஒன்று பின்னர் ஆடுவோருக்கிடையே ஏறக்குறைய 3,50,000 ரோபக்ஸுக்கு (அங்குள்ள நாணயம்), அதாவது 4,100 டாலருக்குச் சற்று மேல் கைமாறியது. தோளில் மாட்டும் நிஜப் பையின் விலையே அதைவிடக் குறைவு. ரோப்லாக்ஸை விட்டு வெளியே எடுத்துவர முடியாத பை அது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு விளம்பரம் காட்டுவதில்லை என்று 2023-இல் ரோப்லாக்ஸ் விதி செய்தது நல்லதே. ஆனால் ஒரு கம்பெனி கட்டிய தோட்டத்துக்குள் தோழிகளோடு சுற்றிவிட்டு வருகிற குழந்தையிடம் எது விளம்பரம், எது தோட்டம் என்று நான் எந்தக் கோட்டைக் காட்டுவேன்? அவள் என்னிடம் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

2025 ஜனவரி 16, இரவு 10.30

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகிற வழியெல்லாம் ஃபோர்சா ஹொரைசன் 4 மனத்தில் ஓடியது. 2018-இல் வந்த, பிரிட்டனைக் களமாகக் கொண்ட அந்த ஆட்டம் போன டிசம்பர் 15 முதல் இணையக் கடைகளில் விற்பனையில் இல்லை. கார்களுக்கும் பிறவற்றுக்கும் போட்ட உரிம ஒப்பந்தங்கள் முடிந்தன, அவ்வளவுதான். இதற்கு முந்தைய மூன்றாம் பாகம் 2020-லேயே போயிற்று. வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம், புதிதாக யாரும் இணையத்தில் வாங்க முடியாது. வாரத்துக்கொரு பருவமாக மாறி, பனியில் உறைந்த ஏரிமேல் கார் ஓட்டவிட்ட ஓர் ஊர், காரின் முகப்பில் இருக்கும் சின்னத்துக்கான கெடு முடிந்ததால் கதவைச் சாத்திக்கொண்டது. பெயரை மாற்றுவதுதான் நட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மாற்றுவதற்குக்கூட ஆள் வைக்காமல் மொத்தமாக எடுத்துவிடுவதும் நடக்கிறது என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பேருந்து சென்னையை விட்டுக் கிளம்பும் முன், வழக்கம் போல நண்பனை ஜெமினியில் வந்து நிற்கச் சொல்லியிருந்தேன். அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். 1973-இல் திறந்தார்கள். பக்கத்திலிருந்த ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்டோக்காரரிடம் இன்றும் ஜெமினி என்றால் போதும். அம்பத்தூர்ப் பக்கம் டன்லப், பாடியில் லூகாஸ் என்று இறங்குமிடம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் டயரையோ மோட்டார் பாகத்தையோ நினைக்கிறார்கள்? நிஜ ஊரில் ஒரு கம்பெனியின் பெயர் வாயில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அது ஊராருடையது, திருப்பிக் கேட்க எந்த ஒப்பந்தத்திலும் வழியில்லை. பீட்சா ஹட் எனக்கு முகவரியாயிற்று என்று முதல் நாள் எழுதினேனே, அதை இப்போது இன்னும் திருத்தமாகச் சொல்ல முடிகிறது: எங்களுக்கு அது ஜெமினி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

2025 ஜனவரி 18, மாலை 5.40

சித்தப்பா வீட்டுப் பரணில் பழைய பிளேஸ்டேஷன் 2 இருந்தது. அந்தக் கடைக்காரர் கடையை மூடியபோது சித்தப்பா மகன் 2,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தது. கிரேசி டாக்ஸி வட்டும் உறையோடு கிடந்தது. புதுத் தொலைக்காட்சியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளைச் செருகத் துளையில்லை. பக்கத்து வீட்டில் ஓரமாக வைத்திருந்த பழைய பெட்டித் தொலைக்காட்சியை இருவரும் தூக்கி வந்தோம். வட்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி நின்றது. நான்காம் முறை சித்தப்பா மகன் இயந்திரத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததும் படித்துவிட்டது.

அக்கா மகளிடம் ஆட்டத்தின் கட்டுப்பாட்டுக் கட்டையைக் கொடுத்தேன். அவள் பச்சை அம்புக்குறியை நம்பிச் சுவரில் முட்டினாள், பின்னால் வந்தாள், மறுபடி முட்டினாள். ஏறியிருந்த பயணி திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். அடுத்து ஏறிய பெண் "பீட்சா ஹட்" என்று கத்தினாள். நானும் சித்தப்பா மகனும் ஒரே நேரத்தில் "இறங்கி இடப்பக்கம்" என்றோம்.

கேள்வி கேட்டவருக்கு: உங்களிடம் உள்ள பதிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வண்டியும் சரிவுகளும் அதேதான். பழைய வட்டு எங்கேனும் பழைய விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கி வையுங்கள். அதில் உள்ளதை யாராலும் அழிக்க முடியாது.